ஃபோன் கேமராவும் எங்க வத்தலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



"சின்னச் சின்ன வீடியோ போட்டு நம்ம பொருளை நாலு பேருக்குத் தெரிய வைக்கிறது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டுக்காரர் கொத்தனார். ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறாங்க. வீடியோ எடுக்க நான் எந்த வகுப்புக்கும் போகலை. செஞ்சு செஞ்சு கத்துக்கிட்டதுதான். அதில் நான் செஞ்ச ஒரு பெரிய தப்பும் இருக்கு. வழியை மட்டும் சொல்லித் தப்பை மறைச்சா நீங்களும் அதே பள்ளத்தில் விழுவீங்க. அதனால ரெண்டையும் சொல்றேன்.

எங்க ஊரு தென்காசி மாவட்டம். எங்க குழுவில் 12 பேர். கூழ் வத்தல், மோர் மிளகாய், சுண்டை வத்தல் போடுறோம். எங்க பக்கம் ஆனி பிறந்தால் சாரல் ஆரம்பிச்சிரும், வத்தல் காயாது. மாசியில் இருந்து வைகாசிக்குள்ள முடிச்சாத்தான் உண்டு. 2023 கோடையில் வங்கிக் கடன் வாங்கி 140 கிலோ போட்டோம். வழக்கமா வாங்குற வியாபாரி 60 கிலோ எடுத்துக்கிட்டு, "மீதி அப்புறம் பார்க்கலாம்"னு போயிட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. 80 கிலோ வத்தல் எங்க வீட்டு உள்ரூம்ல டின் டின்னா இருந்துச்சு. தவணை தேதி வருது. குழுக் கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கலை.

அப்போ என் மகள், எட்டாவது படிக்கிறவ, "ரீல்ஸ் போடும்மா"ன்னு சொன்னாள். எனக்குப் பயம். 2020 ஜூன் மாசக் கடைசியில் டிக்டாக்கைத் தடை செஞ்சாங்க இல்லையா, அதுக்கு முன்னால் எங்க தெருவில் ஒரு பிள்ளை அதில் ஆடினதுக்கு ஊரே பேசுச்சு. அது போனதும் அந்த வருஷமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் எல்லாம் வந்துச்சு. ஊர் வாய் மட்டும் மாறலை. என் மாமியார், "கொத்தனார் பொண்டாட்டி ஃபோன்ல ஆடப் போறாளாக்கும்"னு கேட்டாங்க. "ஆடலை அத்தை, வத்தலைத்தான் காட்டப் போறேன்"னு சொன்னேன். "அப்போ சரி, வத்தல் ஆடட்டும்"னாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சது.

முதல் 10 வீடியோ யாரும் பார்க்கலை. 40 பேர், 60 பேர். அதிலும் பாதி எங்க சொந்தக்காரங்க. ஏன்னு பிறகுதான் புரிஞ்சது. நான் ஒவ்வொரு தடவையும், "வணக்கம், நாங்க இந்தக் குழு, எங்க குழு ஆரம்பிச்சு இத்தனை வருஷம் ஆச்சு"ன்னு மேடையில் பேசுற மாதிரி ஆரம்பிச்சிருக்கேன். பார்க்கிறவங்க விரல் ஸ்கிரீன் மேலேயே இருக்கு. ரெண்டு செகண்டுல பிடிக்கலைன்னா மேலே தள்ளிருவாங்க. யூடியூப் ஸ்டூடியோவில் போய்ப் பாருங்க, எத்தனை பேர் நின்னு பார்த்தாங்க, எத்தனை பேர் தள்ளி விட்டாங்கன்னு அதுவே காட்டும். எனக்கு நூத்துக்கு எழுபது பேர் தள்ளிட்டுப் போயிருந்தாங்க.

ஒரு நாள் பிள்ளைகளுக்கு வத்தல் பொரிக்கும்போது எடுத்தேன். எண்ணெயில் போட்டதும் சடசடன்னு சத்தம், சின்ன வத்தல் பூ மாதிரி விரியுது. வணக்கம் சொல்லலை, பெயர் சொல்லலை. முதல் செகண்டே அந்தச் சத்தம்தான். கடைசியில், "இது கூழ் வத்தல், கால் கிலோ இவ்வளவு"ன்னு ஒரே வரி. அதை 6,000 பேர் பார்த்தாங்க. ஒன்பது ஆர்டர் வந்துச்சு. மதுரையில் இருந்து ஒரு அம்மா 2 கிலோ கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நானும் என் மகளும் தூங்கவே இல்லை.

அதுக்கப்புறம் நான் கடைப்பிடிச்ச விஷயங்களைச் சொல்றேன். எழுதணும்னா எழுதிக்கோங்க.

கேமரா கண்ணாடியைத் துடைச்சிட்டு எடுங்க. நாம எண்ணெய்க் கையோடத்தான் ஃபோனைத் தொடுறோம். படம் மங்கலா வருதுன்னு புது ஃபோன் வாங்கப் போக வேண்டாம், முந்தானையால ஒரு துடைப்புப் போதும்.

வெளிச்சம் உங்க முகத்துக்கோ பொருளுக்கோ நேரே விழணும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னா ஆள் கருப்பாத்தான் தெரிவீங்க. உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளை வத்தல் கண்ணைக் கூசும். காலை 7 மணியில் இருந்து 9 மணிக்குள் எடுக்கிறது நல்லது.

ஃபோனை நிமிர்த்தி வெச்சு எடுங்க. நான் அரிசி டின் மேல ரெண்டு செங்கல் வெச்சு நடுவுல ஃபோனைச் சொருகுவேன். இப்ப வரைக்கும் ஸ்டாண்டு வாங்கலை.

ஃபேன், மிக்சி, டிவி மூணையும் அணைச்சிருங்க. மாடியில் காத்து அடிச்சால் பேச்சு கேட்காது. அங்கே படம் மட்டும் எடுத்துட்டு, வீட்டுக்குள்ள வந்து குரல் கொடுங்க. விலை, எடை, தொடர்பு எண் மூணையும் வீடியோ மேலேயே தமிழில் எழுதுங்க. பஸ்ஸில் போறவங்க நிறைய பேர் சத்தத்தைக் குறைச்சு வெச்சுத்தான் பார்க்கிறாங்க.

சினிமாப் பாட்டை இஷ்டத்துக்குப் போடாதீங்க. பாட்டுக்கு உரிமைக்காரங்க இருக்காங்க. வியாபாரக் கணக்குன்னு வெச்சால் இன்ஸ்டாகிராமில் நிறைய பாட்டு கிடைக்கவும் கிடைக்காது. நம்ம குரலும், நம்ம வீட்டுச் சத்தமும் யாரும் உரிமை கேட்காத பாட்டு. உரல் சத்தம், நாழியைத் திருகுற சத்தம், மிளகாய் பொரியுற சத்தம் எல்லாம் நல்லா எடுபடும்.

முக்கியமான இன்னொண்ணு. சீசனில் எடுத்து வெச்சு வருஷம் பூரா போடணும். விதை நெல் எடுத்து வைக்கிற மாதிரிதான். பங்குனியில் ஒரு வாரம் தினமும் துண்டு துண்டா 100 துண்டு எடுத்து வெச்சுக்குவேன். ஐப்பசி மழையில் வெளியே போக முடியாதபோது அதுதான் சோறு போடும். வாரத்துக்கு மூணு வீடியோ, சாயங்காலம் ஏழு மணி. ஒரே நாளில் ஆறு போட்டுட்டு மாசக்கணக்கில் காணாம போனால் யாரும் நம்மைத் தேடி வர மாட்டாங்க.

இப்போ நான் செஞ்ச தப்புக்கு வர்றேன்.

எங்க குழுவில் ஒரு பெரியம்மா இருக்காங்க. எழுபதை நெருங்குற வயசு. கூழ் பதம் பார்க்கிறதில் எங்க யாராலயும் அவங்களை மிஞ்ச முடியாது. கரண்டியில் இருந்து கூழ் விழுற விதத்தைப் பார்த்தே உப்பு போதுமான்னு சொல்லிருவாங்க. 2024 ஏப்ரல்ல ஒரு நாள் காலையில் மாடியில் வத்தல் பிழிஞ்சு முடிச்சோம். ஒரு காக்கா திரும்பத் திரும்ப வந்து கொத்துது. பெரியம்மா கம்பைத் தூக்கிக்கிட்டு அதோட சண்டை போட்டாங்க. "உங்கப்பன் வீட்டுச் சொத்தா, வாடி வா"ன்னு ஆரம்பிச்சு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினாங்க. எங்களுக்குச் சிரிப்பு தாங்கலை. நான் அவங்களுக்குத் தெரியாம எடுத்தேன். அன்னிக்கே போட்டேன்.

மறுநாள் காலையில் 40,000 பேர். ஒரு வாரத்தில் 4 லட்சத்துக்கு மேல. 600 பேர் ஃபாலோ பண்ணின எங்க கணக்கு 9,000 ஆச்சு. ஃபோன் கையில் இருந்து இறங்கவே இல்லை. கஞ்சி குடிக்கும்போதும் அந்த எண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரர் கூப்பிட்டது காதில் விழலை. இந்தப் போதை எப்படின்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

முதல் ரெண்டு நாள் கமெண்ட்ல எல்லாரும், "பாட்டி சூப்பர்"னு போட்டாங்க. மூணாம் நாளில் இருந்து மாறிப் போச்சு. ஒருத்தன் அவங்க வெத்தலைக் கறைப் பல்லைச் சொன்னான். ஒருத்தன், "இந்தக் கையால செஞ்சதையா திங்கிறது"ன்னான். இன்னொருத்தன் எந்த ஊர், என்ன ஆளுகன்னு சாதியை இழுத்தான். நான் நாலு கமெண்டை அழிச்சேன், நானூறு வந்துச்சு. கோயம்புத்தூரில் படிக்கிற அவங்க பேரனுக்கு, கூடப் படிக்கிற பையன்களே பாட்டி முகத்தை ஸ்டிக்கர் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்காங்க. அவன் ஊருக்கு ஃபோன் போட்டு அழுதிருக்கான். அப்போதான் பெரியம்மாவுக்கு விஷயமே தெரியும்.

அந்த வாரக் குழுக் கூட்டத்துக்கு அவங்க வந்தாங்க. எப்பவும் முன்னால உட்காருறவங்க, வாசல் பக்கமா உட்கார்ந்தாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. சேமிப்புப் பணத்தைக் கட்டிட்டு, மெதுவாக் கேட்டாங்க: "ஏட்டி, என்னைப் பார்த்து எத்தனை பேரு சிரிச்சாங்க?"

எனக்கு எண் தெரியும். நாலு லட்சத்து சொச்சம்னு தினமும் பார்த்துக்கிட்டு இருந்தவ நான். ஆனா அதை அவங்ககிட்ட சொல்ல வாய் வரலை.

வீடியோவை எடுத்துருவோம்னு நான் சொன்னதும் கூட்டத்தில் வாக்குவாதம் வந்துச்சு. உண்மையை மறைக்காம சொல்றேன். "இதுனாலதான் 9,000 பேர் வந்திருக்காங்க, தவணை கட்டுறது எப்படி"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. அது தப்பான கேள்வி இல்லை. கடன் எல்லார் பேரிலும்தானே இருக்கு. அப்போ எங்க ஊக்குநர் ஆர்டர் நோட்டைக் கொண்டு வரச் சொன்னாங்க. ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும், "எந்த வீடியோ பார்த்தீங்க"ன்னு கேட்டு எழுதுறது என் பழக்கம். புரட்டிப் பார்த்தோம். நாலு லட்சம் பேர் பார்த்த காக்கா வீடியோவில் வந்த ஆர்டர் மூணு. அதிலும் ஒண்ணு காசு அனுப்பலை.

அதே நோட்டில் இன்னொரு பக்கம். சென்னைக்கு அனுப்பின பார்சல் நொறுங்கிப் போச்சுன்னு ஒரு அக்கா கோபமாப் பேசினாங்க. அவங்களுக்கு வேற பார்சல் அனுப்பிட்டு, "இப்படி நொறுங்கிருச்சு, தப்பு எங்க மேலதான், இனிமே அட்டைப் பெட்டியில் வெச்சுச் சுத்திலும் காகிதம் திணிச்சு இப்படி அனுப்புவோம்"னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். பார்த்தது 1,800 பேர். அதில் வந்த ஆர்டர் 27.

அந்த நோட்டுதான் எங்களுக்குப் புத்தி சொல்லுச்சு. சிரிக்க வந்தவங்க சிரிச்சிட்டுப் போயிருவாங்க. நம்பி வந்தவங்கதான் வாங்குவாங்க, அடுத்த மாசமும் வாங்குவாங்க.

அன்னிக்கே தீர்மானப் புத்தகத்தில் மூணு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஒண்ணு, கேட்காம யார் முகத்தையும் எடுக்கக் கூடாது. ரெண்டு, எடுத்ததைப் போடுறதுக்கு முன்னால சம்பந்தப்பட்டவங்களுக்குக் காட்டணும். "சரி"ன்னு அவங்க வாயால சொல்லணும். மூணு, பிறகு எப்போ வேண்டாம்னு சொன்னாலும், ஏன்னு கேட்காம எடுத்துரணும். பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனமா இருக்கணும்னும் பேசினோம். பள்ளிக்கூடச் சீருடை, வீட்டு வாசல், தெருப் பெயர் எதுவும் தெரியக் கூடாது.

வீடியோவை அழிச்சேன். ஆனா நான் அழிச்சது என் கணக்கில் இருந்ததை மட்டும்தான். அதுக்குள்ள வேற ஆட்கள் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தாங்க. ஒவ்வொண்ணாப் புகார் கொடுத்தோம். சிலது போச்சு, சிலது போகலை. இன்னும் எங்கேயோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். கொட்டின கூழைத் திரும்ப அள்ளிப் பானையில் ஊத்த முடியாது அக்கா. அதனாலதான் முன்னாடியே கேளுங்கன்னு சொல்றேன்.

ரெண்டு மாசம் பெரியம்மா மாடிக்கு வரலை. கூழ் பதம் தப்பி ஒரு நாள் 8 கிலோ மாவு வீணாப் போச்சு. நான் அவங்க வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். என்ன பேசுறதுன்னு தெரியலை. "பெரியம்மா, நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்"னு மட்டும் சொன்னேன். அவங்க வெத்தலை மடிச்சுக்கிட்டே, "கேட்டிருந்தா தலையைச் சீவிக்கிட்டு வந்திருப்பேன்ல"ன்னாங்க. அவ்வளவுதான். அடுத்த கோடைக்கு வந்தாங்க. "முகம் வேண்டாம், வேணும்னா என் கையை எடுத்துக்கோ"ன்னாங்க.

இப்போ எங்க வீடியோவில் வர்றது அந்தக் கைதான். பச்சை குத்தின கை, நாழியைத் திருகும். வேட்டித் துணி மேல வத்தல் வட்டம் வட்டமா விழும். "கூழ் கொதிக்கும்போது கிண்டுறதை நிறுத்தினா அடிபிடிக்கும்"னு அவங்க குரல் மட்டும் கேட்கும். வேகமா வளரலை. ஒரு வருஷத்துக்கு மேல ஆகி, போன மாசம்தான் 14,000 பேர் ஆனாங்க. ஆனா இந்தக் கோடையில் போட்ட 220 கிலோவும் வியாபாரி கையில் போகாமலே வித்துருச்சு. தவணை பாக்கி இல்லை.

அடுத்து, யூடியூப் காசைப் பற்றி நிறைய பேர் கேட்கிறீங்க. விளம்பரப் பணத்தில் பங்கு வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் இருக்கணும். அதோட ஷார்ட்ஸுக்கு 90 நாளில் 1 கோடி பார்வை வரணும். இல்லைன்னா நீள வீடியோவுக்கு ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். 2025 மார்ச் கடைசியில் இருந்து ஷார்ட்ஸ் ஓட ஆரம்பிச்சாலே ஒரு பார்வைன்னு எண்ணுறாங்க. அதனால பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வீடியோங்கிறது கடைக்கு முன்னால தொங்குற பலகை. வருமானம் கடைக்குள்ளதான் இருக்கு.

பெரிய ஆளாக முடியாதான்னு கேட்டால், முடியும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைச்சு 2018-ல் ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது. தமிழில் முதல்ல தொட்டது அவங்கதான். அவங்க வீடியோவைப் பாருங்க. யாரையும் கேலி செஞ்சு சிரிக்க வைக்கலை. அம்மி, அடுப்பு, கூட்டு உழைப்பு, கடைசியில் ஊரோட சேர்ந்து சாப்பாடு. நம்மகிட்டயும் இருக்கிறதுதான்.

ஏமாத்துறவங்களைப் பற்றியும் சொல்லணும். "பணம் கொடுங்க, 10,000 ஃபாலோயர் தர்றோம்"னு வருவாங்க. வாங்காதீங்க. அதெல்லாம் பொய்க் கணக்கு, ஒரு வத்தல் கூட வாங்காது. "உங்க கணக்கை முடக்கப் போறோம், இந்த லிங்கை அமுக்குங்க"ன்னு செய்தி வரும். அமுக்காதீங்க, ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீங்க. இருமுறைச் சரிபார்ப்புன்னு ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டு வைங்க. ஆர்டர் கொடுக்கிறவங்க பணம் அனுப்பினதா ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாங்க. அதை நம்பிப் பார்சல் கட்டாதீங்க, வங்கிக் கணக்கில் ஏறியிருக்கான்னு பாருங்க. பணம் போயிருச்சுன்னா தாமதிக்காம 1930-க்கு ஃபோன் பண்ணுங்க. யாராவது அசிங்கமா எழுதினாலோ, படத்தை மாத்திப் போட்டு மிரட்டினாலோ, வெட்கப்பட்டு மறைக்காதீங்க. குழுவில் சொல்லுங்க, சைபர் கிரைம் காவல்ல புகார் கொடுங்க. தனியா அழுறதுக்கா நாம குழுவா இருக்கோம்?

சாப்பாட்டுப் பொருள் விக்கிறவங்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செஞ்சு, அந்த எண்ணைப் பாக்கெட்டில் போடுங்க. தயாரிச்ச தேதி, எடை, சேர்த்த பொருள் எல்லாம் எழுதுங்க. வீடியோவில் அந்த லேபிளை ஒரு செகண்டு காட்டினாலே வாங்குறவங்களுக்கு நம்பிக்கை வரும்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிக்கிறேன். நம்ம மாநிலத்தில் 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சாங்கன்னு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தாங்க. அன்னிக்குப் பெண்கள் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. எதில் கையெழுத்துப் போடுறோம்னு படிச்சுப் பார்த்துப் போடணும்னும் சேர்த்துக் கத்துக்கிட்டாங்க. இன்னிக்கு நம்ம கையில் கேமரா வந்திருக்கு. எடுக்கக் கத்துக்குவோம். எடுக்கிறதுக்கு முன்னால கேட்கவும் சேர்த்துக் கத்துக்குவோம்.

பெரியம்மா இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு நான் காட்ட மாட்டேன், அவங்ககிட்ட கேட்கலை. இந்தக் கதையைச் சொல்லலாமான்னு மட்டும் நேத்தே கேட்டுட்டேன். "சொல்லு, நாலு பேரு திருந்தட்டும்"னாங்க.